டி பிளாக் மேடம், 40 லைனிங்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. குக்கர் இரண்டாவது விசில் அடித்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. தெரியாத எண். முகப்புப் படம் கிடையாது. தமிழே தெரியாத யாரோ எதையோ வைத்து மொழிபெயர்த்தது போல ஒரு தமிழ்.

'டி பிளாக் மேடம் 40 லைனிங் அவர்களே, இந்தப் பெண் பணம் வாங்கி ஏமாற்றிய திருடி. நீங்கள் இவருக்கு ஜாமீன். உடனே கட்டச் சொல்லவும்.'

கீழே ஒரு படம். ஆதார் அட்டையில் இருக்குமே, நம்மை நமக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஒரு முகம், அப்படி ஒன்று. அதன் மேல் சிவப்பு எழுத்தில் மறுபடியும் அதே வார்த்தை.

அந்தத் திருடி யார் என்பதைவிட, 'டி பிளாக் மேடம் 40 லைனிங்' யார் என்பதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. டி பிளாக்கில் குடியிருப்பது நிஜம். மேடம், சரி. 40? எனக்கு ஐம்பதைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. மூன்றாவது விசிலில்தான் மண்டையில் உறைத்தது. அது என் வயது இல்லை. என் பிளவுஸ் அளவு.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா! எட்டு வருடமாக எனக்குத் தைக்கிறவர். ஒரு தடவைகூடப் பட்டுத் துணியில் கத்தரி தவறாக வைத்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்து என் மனதில் வந்தது 'ஐயோ பாவம்' இல்லை. 'என் மெரூன் பட்டு பிளவுஸ் துணி அவங்ககிட்ட இருக்கே' என்பதுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையின் துணி அது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை அனுப்பியவன் எதிர்பார்த்ததே அந்த எண்ணத்தைத்தான். என் மனசு அவன் கணக்குப்படியே வேலை செய்திருக்கிறது.

மத்தியானத்துக்குள் எங்கள் குடியிருப்பு லேடீஸ் குரூப் கொதித்துவிட்டது. எங்கள் வளாகத்தில் மட்டும் பதினாலு பேருக்கு அதே படம் வந்திருந்தது. 'நல்லவங்க மாதிரி இருந்தாங்களே' என்று ஒருவர். 'என்னோட நாலு துணி இருக்கு, கடை சாத்தியிருக்கு' என்று இன்னொருவர். 'எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க' என்று ஒருவர் அந்தப் படத்தையே பக்கத்துக் குடியிருப்பு குரூப்புக்கும் அனுப்பிவைத்தார். நல்ல எண்ணத்தில்தான். மிரட்டியவனுக்கு அனுப்பும் செலவு கொஞ்சம் மிச்சம்.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எனக்கு '40 லைனிங்' என்று வந்த மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வந்திருந்தது. அந்த அம்மா தன் போனில் எங்களை எப்படிப் பதிந்து வைத்திருந்தாரோ அப்படியே. ஒருவர் 'பேங்க் மேடம் பாக்கி 350'. ஒருவர் 'பி பிளாக் அவசரம்'. ஒரு டீச்சர் 'டீச்சர் 36 கழுத்து டீப்'. சி பிளாக்கில் ஒருவர் 'சி பிளாக் பேரம்'. முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு சி பிளாக்காரர் சிரிக்கவில்லை. 'இனிமே அவங்ககிட்ட குடுக்கப் போறதில்ல' என்று போட்டுவிட்டு குரூப்பை விட்டே வெளியேறினார். டீச்சர் எதுவுமே எழுதவில்லை. அவருடைய கணவர் கண்ணில்தான் அந்தச் செய்தி முதலில் பட்டதாம்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். பட்டுத் துணிக்காகவா, அவருக்காகவா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும்தான்.

வாசலிலேயே துணியை மடித்துப் பையில் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நீட்டினார். 'எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க மேடம்' என்றார்.

உட்கார்ந்து கேட்டபோதுதான் கதை வந்தது. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். பரீட்சைக் கட்டணத்தோடு வேறு ஏதோ செலவும் சேர்ந்துவிட்டது. அம்மாவிடம் கேட்கக் கூச்சம். டெலிகிராமில் ஒரு சுட்டி வந்திருக்கிறது: ஐந்து நிமிடத்தில் கடன். அவன் போனில் திரை உடைந்திருந்ததால் அம்மாவின் போனை வாங்கி அதில் செயலியை இறக்கினான். பான் எண்ணும் அம்மாவுடையது. 5,000 ரூபாய் கேட்டதற்கு, கட்டணம் அது இது என்று பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது 3,200. ஏழே நாளில் 5,000 திருப்பித் தர வேண்டும். ஆறாவது நாளே போன் வர ஆரம்பித்தது. விஷயம் அப்போதுதான் அம்மாவுக்குத் தெரியும். கம்மலை அடகு வைத்துக் கட்டினார். 'வரவு ஆகவில்லை' என்று மறுநாள் இன்னொரு எண்ணிலிருந்து மிரட்டல். மேற்கொண்டு 2,000 கட்டினார். அதற்கப்புறம்தான் எங்களுக்கெல்லாம் படம் வந்தது.

'பணம் போனாப் போகுது மேடம். இன்னும் நாலு துணி சேர்த்துத் தைச்சா வந்துடும். உங்க எல்லார் நம்பரும் என் போன்ல இருந்துதானே போச்சு? முந்நூத்திச் சொச்சம் பேரு. யாரையும் ஒரு வார்த்த கேக்காம...' அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த அம்மா ஒரே ஒரு தடவை, அதுவும் தனக்குத் தெரியாமல் செய்ததற்கு இப்படிக் கூசிப்போகிறார். நான் எத்தனை தடவை தெரிந்தே செய்திருக்கிறேன்?

அன்றைக்கு இரவு என் போனை எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அக்கா மகள். அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செயலி எழுதுகிறவள். செட்டிங்ஸில் போய் எந்தெந்தச் செயலிக்கு 'கான்டாக்ட்ஸ்' பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறேன் என்ற பட்டியலை எடுத்துக் காட்டினாள். இருபத்துமூன்று! ராசிபலன் செயலி. போட்டோவுக்குப் பூ பார்டர் போடும் செயலி. ஒரு புடவைக் கடையின் செயலி. இந்தப் புடவைக் கடைக்கு என் சம்பந்தி வீட்டு எண் எதற்கு? சாயம் போனால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்களா?

'ஏண்டி, இவங்களுக்கெல்லாம் இது எதுக்கு?' என்று கேட்டேன்.

'பாதிப் பேருக்கு எதுக்கும் வேணாம் சித்தி' என்றாள். அவள் முன்பு இருந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொன்னாள். 'நண்பர்களை அழையுங்கள்' என்று ஒரு வசதி வைத்தார்களாம். அதற்காகத் தொடர்புகள் அனுமதி கேட்கும்படி எழுதினார்கள். யாருமே அந்த வசதியைப் பயன்படுத்தவில்லை. மூன்று மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அனுமதி கேட்கும் வரி மட்டும் அப்படியே இருந்தது. எழுதினவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கு அதை எடுத்தால் எங்கேயாவது ஏதாவது உடையுமோ என்று பயம். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் யாரும் செயலியை முழுக்கத் தாங்களே எழுதுவதில்லையாம். விளம்பரம் காட்ட ஒரு ரெடிமேட் துண்டு, எத்தனை பேர் எங்கே தட்டினார்கள் என்று எண்ண ஒரு துண்டு, பணம் கட்ட ஒரு துண்டு. வெளியாட்கள் எழுதியதை எடுத்து ஒட்டுவது. நாம் சாம்பார்ப் பொடியைக் கடையில் வாங்கிப் போடுகிற மாதிரி. செயலிக்கு நாம் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் எல்லாத் துண்டுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் என்ன கலந்திருக்கிறது என்று சமைத்தவருக்கே முழுக்கத் தெரியாது.

'அலவ் பண்ணினா என்ன எடுப்பாங்க?'

'எல்லாமே. பேரு, நம்பர், மெயில், பிறந்த நாள், அட்ரஸ், நீ குறிப்புன்னு எது எழுதி வச்சிருந்தாலும் அதுவும். ரெண்டு மூணு செகண்டு போதும்.'

ஆண்ட்ராய்டு போன் பற்றி அவள் சொன்ன ஒன்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. தொடர்புகளைப் பார்க்கலாமா என்று நம்மிடம் கேட்கிறது அல்லவா? பார்த்ததை இணையம் வழியாக வெளியே அனுப்பலாமா என்று அது கேட்பதே இல்லை. இணையத்துக்குப் போகும் அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் கேள்வி இல்லாமலே கிடைத்துவிடுகிறது. வீட்டுக்குள் வந்து அலமாரியைப் பார்க்கலாமா என்று கேட்பவர், போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறார் என்று பார்க்க வாசலில் ஆள் இல்லை. நாளைக்கு நான் அனுமதியை ரத்து செய்தாலும், நேற்று போன பட்டியல் போனதுதான்.

'நம்பரை விடு சித்தி, நீ வச்சிருக்கிற பேரைப் பாரு' என்றாள். பார்த்தேன். 'சுகர் டாக்டர்'. 'அடகுக் கடை சேட்டு'. 'நிலம் கேஸ் வக்கீல்'. 'பெரியப்பா பையன் எடுக்காதே'. எங்கள் வீட்டு நோய், எங்கள் வீட்டுக் கடன், எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் அகர வரிசையில்! டயரியில் எழுதினால் பூட்டி வைப்போம். இதைத்தான் ராசிபலன்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இது நேற்று முளைத்த பிரச்னையும் இல்லை. 2012 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த அருண் தாம்பி என்ற மென்பொருளாளர், 'பாத்' என்ற செயலி ஐபோனிலிருந்து தன் சர்வருக்கு என்னென்ன அனுப்புகிறது என்று நோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முழு முகவரிப் புத்தகமும் பெயர், எண், மின்னஞ்சலோடு போவதைக் கண்டார். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அப்போது ஐபோனும் தானாக அப்படி ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அவர் அதை வெளியில் எழுதினார். பெரிய சத்தமாகிவிட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார், எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னார். அதே வருடம் செப்டம்பரில் வந்த ஐபோன் மென்பொருளிலிருந்துதான் 'இந்தச் செயலி உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?' என்ற கேள்வி கட்டாயமானது. நாம் இன்று எரிச்சலோடு தட்டிவிடும் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை இருக்கிறது. அடுத்த வருடம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு அந்த நிறுவனம் 8 லட்சம் டாலர் கட்டியது. அந்தத் தொகையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்ததற்காகத்தான்.

ஆண்ட்ராய்டு இன்னும் மெதுவாக வந்தது. செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாகக் கொடு, இல்லாவிட்டால் செயலியே வேண்டாம் என்றிருந்த நிலை 2015-ல் வந்த ஆறாவது பதிப்பில்தான் மாறியது.

2013 ஜூனில் ஃபேஸ்புக்கில் நடந்தது இன்னும் விசேஷம். நம் விவரங்களை நாமே இறக்கி வைத்துக்கொள்ள அங்கே ஒரு வசதி உண்டு. அதில் ஒரு பிழை. இறக்கிப் பார்த்தவர்களுக்கு, தங்களோடு தொடர்புடையவர்களின் எண்களும் மின்னஞ்சல்களும் சேர்ந்து வந்தன. அந்த ஆட்கள் தாங்களாகவே ஃபேஸ்புக்குக்குக் கொடுக்காத எண்களும் அதில் இருந்தன! எங்கிருந்து வந்தன? வேறு யாரோ தங்கள் முகவரிப் புத்தகத்தை ஏற்றியபோது வந்தவை. அறுபது லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே சொன்னது. நான் எத்தனை கவனமாக என் எண்ணைக் கொடுக்காமல் இருந்தாலும், என் ஓரகத்தி ஒரு தடவை 'அலவ்' அழுத்தினால் போதும்.

தையல்கார அம்மாவுக்கு நடந்தது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். சரியே இல்லை. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் எதையும் தொடக்கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வாடிக்கையாளரை அடையாளம் காண கேமரா, இருப்பிடம் போன்றவற்றை ஒரு தடவை கேட்கலாம், அவ்வளவுதான். 2023 மே 31 முதல் கூகுளும் தன் கடையில் இருக்கும் கடன் செயலிகள் படங்களையோ தொடர்புகளையோ பார்க்கத் தடை போட்டது. ஆனால் அந்தப் பையனுக்குச் செயலி வந்தது கூகுள் கடையிலிருந்து இல்லை, டெலிகிராம் சுட்டியிலிருந்து. கடைவாசலில் காவல் போட்டால் கொல்லைப்புறமாக வருகிறார்கள். 2021-ல் ரிசர்வ் வங்கியின் குழு ஒன்று தேடிப் பார்த்தபோது, இந்தியர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100. அதில் சுமார் 600 சட்டவிரோதமானவை. இரண்டில் ஒன்றுக்கு மேல்!

முறையான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அவசரத்தில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். பத்தொன்பது வயதுப் பையன் இரவு பதினோரு மணிக்குப் பார்க்க மாட்டான். நம்மில் ஒருவர் பார்த்துச் சொல்லலாம்.

நம் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் படித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல். அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் மனுப் போட்டபோது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த வயதில் பென்ஷன் ஆபீஸுக்கு மனுப் போடவே நம்மைக் கூப்பிடுவார்கள்.

அதன் தொடர்ச்சியாக வந்தது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் என்றால் தூக்கம் வரும் என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே ஓர் உதாரணம் இருந்தது, நம் கதையே. ஒரு பெண் போனிலேயே டாக்டரிடம் பேசும் செயலியை இறக்குகிறார். அது சிகிச்சைக்காக விவரம் கேட்கிறது, கூடவே தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை, எனவே அவர் சரி சொன்னாலும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்கான விவரத்தோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். படித்ததும் எழுதினவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

ஆனால் அந்த உதாரணத்திலும் பேசப்படுவது அந்தப் பெண்ணின் சம்மதம்தான். அவர் போனுக்குள் இருக்கும் முந்நூறு பேர் அங்கே வரவே இல்லை. சொந்த, வீட்டு உபயோகத்துக்குத் தனிநபர் வைத்திருக்கும் விவரங்களைச் சட்டம் தொடாது. அதுவும் நியாயம்தான். நான் என் நாத்தனார் எண்ணை எழுதி வைக்க அரசாங்கம் எதற்கு நடுவில் வர வேண்டும்? இந்தச் சட்டத்துக்கான விதிகளை 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். நிறுவனங்கள் தயாராவதற்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும், அதற்கப்புறமும்கூட, அந்த முந்நூறு பேருக்காகப் பேச வேண்டிய ஆள் போன் வைத்திருப்பவர்தான்.

இப்படியெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா வந்து சேர்ந்ததை என் போன் 'டிங்' என்று சொன்னது. வளாகத்தின் கேட் செயலி. அவர் காலை 7.42-க்கு உள்ளே வந்தார், மூன்று வீடுகளுக்குப் போகிறார், வாரத்தில் எத்தனை நாள் வரவில்லை எல்லாம் அதில் தெரியும். நட்சத்திரமும் உண்டு. அவருக்கு 4.2. அதில் ஒரு மூன்று நட்சத்திரம் நான் போட்டது, தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு நாள் வராதபோது, கோபத்தில். அவர் போட்டோ, போன் நம்பர், ஆதார் நகல் எல்லாம் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். அவர் போன் பட்டன் போன். அந்தச் செயலியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

என் போனில் காட்டினேன். தன் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நட்சத்திரம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'நான் யாருக்காச்சும் போடலாமா?' என்றார்.

அசோசியேஷன் கூட்டத்தில் நட்சத்திரத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். பாதுகாப்பு முக்கியம் என்றார்கள். நட்சத்திரத்தில் என்ன பாதுகாப்பு என்று கேட்டேன். காரசாரமாக அரை மணி நேரம் போனது. முடிவில், வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகலைக் கேட்டில் வாங்கி வைப்பதை மட்டும் நிறுத்த ஒத்துக்கொண்டார்கள். நட்சத்திரத்துக்கு அடுத்த கூட்டம். நான் போட்ட மூன்றை மாற்ற வழி தேடினேன். ஐந்தாக்கலாம், அழிக்க முடியாது. ஐந்தாக்கினேன்.

என் போனில் இருபத்துமூன்றை நாலாகக் குறைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை. செட்டிங்ஸ், அதில் பிரைவசி, அதில் பர்மிஷன் மேனேஜர், அதில் கான்டாக்ட்ஸ். போனுக்குப் போன் வார்த்தை கொஞ்சம் மாறும். வாட்ஸ்அப்புக்கு மட்டும் மனசு வரவில்லை. யார் பேசுகிறார்கள் என்று பெயர் தெரிய வேண்டுமே. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2024-ல் வந்த பதினெட்டாம் பதிப்பிலிருந்து குறிப்பிட்ட சில பேரை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. மற்ற பத்தொன்பது செயலிகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. புடவைக் கடைச் செயலி மட்டும் ஒரு தடவை முகத்தைத் தூக்கியது, 'வேண்டாம்' என்றதும் புடவையைக் காட்டிவிட்டது. ராசிபலன் முன்பு போலவே தப்பாக வருகிறது.

தையல்கார அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு 1930 எண்ணில் புகார் சொன்னோம். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிந்தோம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த ஒரே ஆள் நம் டீச்சர்தான். கணவரோடு என்ன பேசினாரோ தெரியாது, எல்லாவற்றையும் தேதி போட்டு வரிசையாக அனுப்பினார். மேற்கொண்டு ஒரு பைசா கட்ட வேண்டாம், கட்டக் கட்டக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள் என்று ஸ்டேஷனிலும் சொன்னார்கள். பத்து நாளில் மிரட்டல்கள் ஓய்ந்தன. கட்டிய 7,000 இன்னும் வரவில்லை.

குரூப்பில் நான் ஒன்றே ஒன்று எழுதினேன்: அந்தப் படத்தை அனுப்பினவர்கள் தயவுசெய்து எல்லா இடத்திலும் அழியுங்கள், அனுப்பிய இடத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். பக்கத்துக் குடியிருப்பு குரூப்புக்கு அனுப்பியவர் தானே நேரில் போய் அங்கே சொல்லிவிட்டு வந்தார். பதினாலு பேரில் ஒன்பது பேர் திரும்பத் துணி கொடுக்கிறார்கள். சி பிளாக் இன்னும் வரவில்லை.

போன சனிக்கிழமை பிளவுஸ் வாங்கப் போனேன். கடை திறந்திருந்தது. மேஜை மேல் அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. பிளாக் வாரியாக எண்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார். 'பேரு மட்டுந்தான் இதுல இருக்கு மேடம். அளவுக்குத் தனி நோட்டு, பெட்டிக்குள்ள' என்றார். புது நோட்டில் எனக்கு என்ன பெயர் என்று எட்டிப் பார்த்தேன். 'டி பிளாக் மேடம்'. அவ்வளவுதான்.

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தேன். கழுத்து அருமை. 'இடுப்புகிட்ட மட்டும் லேசா பிடிக்குதே' என்றேன்.

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அந்த அம்மா திரையை விலக்கி உள்ளே வந்து, என் காதருகில் மிக மெதுவாகச் சொன்னார்.

'42 ஆயிடுச்சு மேடம்.'